புயல் கிழக்குக் கரையில், மண்சரிவு கண்டியில்: சுழலும் பூமி காற்றுக்கு என்ன செய்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்துபோன பிறகு, கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பேசப்போன இடங்களிலெல்லாம் ஒரே கேள்விதான் என் முன் வைக்கப்பட்டது. “புயல் மட்டக்களப்புப் பக்கம்தானே வந்தது. கடல் எங்கே, நாங்கள் எங்கே? இங்கே ஏன் மலை சரிந்தது?”

நியாயமான கேள்வி. மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு நேர்கோட்டில் பார்த்தால்கூடச் சுமார் 125 கிலோமீற்றர். சூறாவளி என்றால் கரையோர மக்களின் துன்பம், வீட்டுக் கூரையைப் பிய்க்கும் காற்று, ஊருக்குள் ஏறும் கடல் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் டித்வாவில் நாடு முழுவதும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் 200 இற்கும் மேற்பட்டோர் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கடலே இல்லாத ஒரு மாவட்டம் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது.

மழை, செங்குத்தான சரிவு, அந்தச் சரிவில் கட்டப்பட்ட வீடு ஆகிய மூன்றும் சேர்ந்தே உயிர்களைக் கொன்றன. சரி, கிழக்குக் கடலில் உருவான புயலின் மழை மத்திய மலைநாட்டின் மீது ஏன் அவ்வாறு கொட்டியது? இதற்கான பதில் பாடசாலையில் புவியியல் படித்த பலர் பரீட்சைக்காக மனனம் செய்து, பிறகு மறந்துவிட்ட ஒரு விடயத்தில் இருக்கிறது. அதுதான் கொரியோலிஸ் விசை. பூமி சுழல்வதால், அதன் மேல் நகரும் பொருட்களின் பாதை விலகிப்போவதைக் குறிக்கும் பெயர் அது.

ஏ9 வீதியின் இரு முனைகள்

ஏ9 வீதி எங்களுக்குப் போரின் நினைவுகளோடு கலந்தது. மூடப்பட்டது, திறக்கப்பட்டது, மீண்டும் மூடப்பட்டது என்று ஒரு தலைமுறையின் வாழ்க்கையே அந்த வீதியோடு சேர்ந்து கிடந்தது. அது கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. பூமியின் சுழற்சியை விளங்கிக்கொள்ளவும் அதே வீதி போதும்.

பூமி தன்னைத்தானே ஒரு நாளைக்கு ஒருமுறை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. மத்தியகோட்டில் (பூமத்திய ரேகையில்) நிற்பவர் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். வடக்கே போகப் போக அவர் சுற்றும் வட்டம் சிறிதாகும், வேகமும் குறையும். கண்டியில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,661 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் சுமார் 1,651 கிலோமீற்றர். அதாவது ஏ9 வீதியின் தெற்கு முனை, வடக்கு முனையை விட மணிக்கு 10 கிலோமீற்றர் கூடுதல் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. நிலம், வீடு, மரம், நாம் எல்லாம் சேர்ந்தே போவதால் அது எங்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி நேர்வடக்காக ஒரு பொருள் வானில் வீசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கண்டியின் கிழக்கு வேகத்தையும் தன்னோடு எடுத்துக்கொண்டே புறப்படுகிறது. யாழ்ப்பாணத்தை நெருங்கும்போது கீழே உள்ள நிலம் அதைவிட மெதுவாக நகர்வதால், பொருள் கிழக்கே முந்திப்போய்விடும். வடக்கு நோக்கிப் போகிறவருக்குக் கிழக்கு என்பது வலப்பக்கம். மறுபக்கமாக, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வீசினால் அது கண்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மேற்கே பின்தங்கும். தெற்கு நோக்கிப் போகிறவருக்கு மேற்கும் வலப்பக்கம்தான். கிழக்கு, மேற்காக நகரும் பொருட்களுக்கும் இதே விலகல் உண்டு. வட அரைக்கோளத்தில் எந்தத் திசையில் போனாலும் வலப்பக்கம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். விதி இவ்வளவுதான்.

உண்மையில் அந்தப் பொருளை யாரும் பிடித்து இழுப்பதில்லை. பூமிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தன் வழியில்தான் போகிறது, அதன் கீழே நிலம் திரும்பிவிடுகிறது. திருவிழா ராட்டினத்தில் சுற்றிக்கொண்டே எதிரில் இருப்பவருக்குப் பந்தை எறிந்தால் அது வளைந்து போவதுபோலத் தெரியும் அல்லவா, அதுவேதான் இதுவும். சுழலும் பாகங்களைக் கொண்ட இயந்திரங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கஸ்பார்ட் குஸ்தாவ் கொரியோலிஸ் 1835 இல் இதற்கான கணக்கை எழுதினார். அவர் மனதில் இருந்தவை நீர்ச்சில்லு போன்ற இயந்திரங்கள்தான். அந்தக் கணக்கு காற்றுக்குப் பொருந்துவது பிறகுதான் விளங்கியது.

பஸ் விலகாது, காற்று விலகும்

அப்படியானால் ஏ9 இல் ஓடும் பஸ் ஏன் வலப்பக்கம் இழுபடவில்லை? இழுபடுகிறது. ஆனால் 60 கிலோமீற்றர் வேகத்தில் கண்டியை விட்டு வெளியேறும் பஸ்ஸில் அந்த இழுப்பு, பஸ்ஸின் எடையில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான். தார் வீதியைப் பற்றியிருக்கும் டயருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

காற்றுக்கு டயர் இல்லை. தடுப்பாரின்றி நகரும் காற்று, கண்டி இருக்கும் அகலாங்கில் மணிக்கு ஏறத்தாழ 3.8 பாகை வீதம் வலப்பக்கம் திரும்புகிறது. ஒரு மணித்தியாலத்தில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்யும் காற்று 90 பாகை அளவுக்குத் திரும்பிவிடும். வடக்கே புறப்பட்ட காற்று அடுத்த நாள் கிழக்கே போய்க்கொண்டிருக்கும். தூரமும் நேரமும் பெரிதாக இருந்தால் மட்டுமே கொரியோலிஸ் விசை தன் வேலையைக் காட்டும்.

இதனால்தான் குசினித் தொட்டியில் தண்ணீர் வடியும்போது சுழலும் திசையைப் பூமியின் சுழற்சி தீர்மானிக்கிறது என்ற கதை பிழை. தொட்டி சிறியது, தண்ணீர் ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். அது சுழலும் திசையைத் தொட்டியின் வடிவமும் தண்ணீர் ஊற்றப்பட்ட விதமும் தீர்மானிக்கின்றன. மகாவலி கண்டி நகரைச் சுற்றி வளைந்து ஓடுவதும் பாறையும் பள்ளத்தாக்கும் காட்டிய வழியால்தான்.

நாம் கோயிலை வலம் வருவோம், புயல் இடம் வருகிறது

கடலின் மேல் ஓரிடத்தில் காற்றின் அமுக்கம் குறைந்தால் அதைத் தாழமுக்கம் என்கிறோம். சுற்றியுள்ள காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் அந்த இடத்தை நிரப்ப ஓடிவரும். பூமி சுழலாமல் இருந்திருந்தால் காற்று நேராக மையத்துக்குப் போய்ப் பள்ளத்தை நிரப்பிவிடும். புயல் என்று ஒன்று உருவாகவே வாய்ப்பிருக்காது.

ஆனால் ஓடிவரும் ஒவ்வொரு காற்றும் தன் வலப்பக்கம் சற்று விலகுகிறது. அதனால் மையத்தைத் தவறவிட்டு, அதைத் தன் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. மையமோ மீண்டும் உள்ளே இழுக்கிறது. எல்லாக் காற்றும் இப்படியே செய்ய, மையத்தைச் சுற்றி ஒரு பெரிய சுழல் உருவாகிறது.

“வலப்பக்கம் விலகும் காற்று எப்படி இடஞ்சுழியாகச் சுற்றும்?” என்ற குழப்பம் பலருக்கு வருவதுண்டு. கோயிலை வலம் வரும்போது கர்ப்பக்கிருகம் எங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். எங்கள் ஊர் வீதிகளில் வாகனங்கள் சுற்றுவட்டத்தைச் சுற்றுவதும் அப்படித்தான். புயல் இதற்கு நேர்மாறானது. வங்காள விரிகுடாவின் புயல்களில் காற்று மையத்தை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. 1840களில் கல்கத்தாவில் இருந்துகொண்டு வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர்தான் இதற்கு ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டார். சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்து, கிரேக்க மொழியிலிருந்து எடுத்த பெயர் அது.

மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பது பாதுகாப்பா?

கொரியோலிஸ் விசை துருவங்களில் மிகப் பலமானது. மத்தியகோட்டில் அது பூச்சியம். 1851 இல் பரிஸ் நகரின் பாந்தியன் மண்டபத்தில் லெயோன் ஃபூக்கோ 67 மீற்றர் நீளமான கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆடவிட்டார். குண்டு ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதைப் பார்த்து, பூமி சுழல்வதை மக்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். அந்த ஊசல் ஒரு முழுச் சுற்றுத் திரும்பப் பரிஸில் ஏறத்தாழ 32 மணித்தியாலம் எடுக்கும். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஏறத்தாழ 6 நாட்களும் கண்டியில் ஏறத்தாழ 8 நாட்களும் வேண்டும். மத்தியகோட்டில் அது திரும்பவே திரும்பாது.

மத்தியகோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல்கள் மிக அரிதாகவே உருவாவதற்குக் காரணமும் இதுதான். கடல் எவ்வளவு சூடாக இருந்தாலும், காற்றைச் சுழற்றிவிடும் அந்த முதல் திருப்பம் அங்கே போதாது. இலங்கை ஏறத்தாழ 6 முதல் 10 பாகை வரை நீண்டிருக்கிறது. ஆகவே நாங்கள் எல்லையில் இருக்கிறோம். விசை எங்களிடம் பலவீனமானது, ஆனால் இல்லாமல் இல்லை.

அந்தப் பலவீனத்தையே பாதுகாப்பு என்று நம்பியிருந்தவர்களுக்கு வரலாறு வேறு பதில் சொல்கிறது. 1964 டிசம்பரில் வந்த புயல் வடக்கு, கிழக்குக் கரைகளைத் தாக்கிவிட்டு தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கின் பெரியவர்கள் இன்றும் காலக்கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, மத்தியகோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை தூரத்தில் வாமெய் என்ற புயலே உருவானது. டித்வா வந்த அதே வாரத்தில் மலாக்கா நீரிணையில் சென்யார் என்ற புயல் உருவாகி சுமாத்திராவைத் தாக்கியது. அரிது என்பது வராது என்பதல்ல.

கண்டிக்கு மழை வந்த வழி

டித்வா என்ற பெயரை வழங்கிய நாடு யேமன். இலங்கையின் தென்கிழக்குக் கடலில் உருவான தாழமுக்கம் நவம்பர் 27 அன்று அந்தப் பெயரைப் பெற்றது. கிழக்குக் கரையை ஒட்டி நிலத்தின் மீது ஏறி, வடக்கு நோக்கி மெதுவாக நகர்ந்து, மீண்டும் வங்காள விரிகுடாவுக்குள் போய், தமிழ்நாட்டுக் கரைப்பக்கம் சென்றது.

ஒரு தாளில் இலங்கையின் படத்தை வரைந்து, மட்டக்களப்புக்கு அருகே ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியைச் சுற்றிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். கிழக்கே, கடல் பக்கத்தில், காற்று தெற்கிலிருந்து வடக்கே ஏறுகிறது. வடக்கே அது மேற்காகத் திரும்புகிறது. பிறகு தீவின் மேற்குப் பாதியில் வடக்கிலிருந்து தெற்காக, மையத்தை நோக்கிச் சற்று உட்சாய்ந்து இறங்குகிறது. கண்டி இருப்பது அந்த இடத்தில்தான். மையம் கிழக்குக் கரையில் இருக்கும்போது கண்டிக்குக் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். மையம் வடக்கே வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் நகரும்போது, கண்டி அதன் தெற்கில் ஆகிவிடும். அப்போது காற்று மேற்கிலிருந்து வரும்.

நவம்பர் மாதத்தில் கண்டிக்காரர் வடகிழக்குப் பக்க மழையைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இப்படியான புயல் வந்தால், சூடான கடலின் மேல் சுற்றி ஈரத்தை அள்ளிய காற்று எதிர்பாராத பக்கத்திலிருந்து மலையில் மோதும். மாத்தளைச் சரிவுகள், நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹந்தான, கம்பளைப் பக்கத்து மலைகள் எல்லாம் அந்தக் காற்றுக்குச் சுவர்கள். சுவரில் மோதிய காற்று மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் தண்ணீரைக் கொட்டும். புயல் மெதுவாக நகர்ந்தால் அதே சுவரில் அதே மழை மணிக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். மலைநாட்டின் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் அதிக மழை பெய்தது. மகாவலி பெருகிக் கம்பளையையும் பேராதனைப் பக்கத்தையும் மூழ்கடித்தது. மலைகள் நீரை உறிஞ்சி, பாரம் தாங்காமல் சரிந்தன.

அந்தக் கேள்விக்கான பதில் இதுதான். புயலின் மையம் எங்கே இருக்கிறது என்பது வேறு, புயல் எங்கே அடிக்கிறது என்பது வேறு. சுழலும் பூமி காற்றை வளைத்து, கிழக்குக் கடலின் நீரைப் பின்கதவு வழியாக மலைக்குக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. “சூறாவளி கிழக்கே கரையைக் கடக்கும்” என்ற செய்தியைக் கேட்டு மலைநாட்டார் நிம்மதியடைய முடியாது.

முதுகைக் காற்றுக்குக் கொடுங்கள்

போர்க்காலத்தில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ‘குத்துற’ சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்பதை வைத்து, ஷெல் எங்கே போகும், பங்கருக்குள் ஓட வேண்டுமா என்று சிறுபிள்ளைகள்கூடக் கணித்தார்கள். அந்த ஷெல்லையும் பூமி விலக்கத்தான் செய்கிறது. 20 கிலோமீற்றர் தூரத்தை ஒரு நிமிடத்தில் கடக்கும் ஒரு குண்டு, வன்னியின் அகலாங்கில் சுமார் 14 மீற்றர் வலப்பக்கம் விலகும். சுடுகிறவர்களின் கணக்கில் அதற்கும் இடமுண்டு. கீழே இருந்த மக்களிடம் கணக்கு இருக்கவில்லை, காது மட்டுமே இருந்தது. ஆனாலும் திசையை அறிவது உயிரைக் காக்கும் என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

புயலுக்கும் அப்படி ஓர் எளிய வழி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பைஸ் பலட் என்ற வானிலையாளரின் பெயரால் 1857 முதல் மாலுமிகள் அறிந்த விதி அது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டுங்கள். கை காட்டும் பக்கத்தில், சற்று முன்னால், தாழமுக்கத்தின் மையம் இருக்கும்.

மட்டக்களப்பில் வடக்கிலிருந்து பலமான காற்று அடித்தால் மையம் கிழக்கே, கடலில் இருக்கிறது. கண்டியில் காற்று வடக்கிலிருந்து வடமேற்காகவும் பின்னர் மேற்காகவும் மாறினால், மையம் உங்களுக்குக் கிழக்கே வந்து வடக்கே போகிறது. புயலின் கண் நேராக உங்கள் மேலாகக் கடந்தால், காற்று திடீரென அடங்கும். அது முடிவல்ல. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பி வரும். அந்த அமைதியை நம்பி வெளியே வருவது ஆபத்து.

ஒரு எச்சரிக்கை. மலைகளுக்கு நடுவே காற்று பள்ளத்தாக்கின் வழியே வளைந்து வருவதால், கண்டி போன்ற இடங்களில் வாசலில் படும் காற்று ஏமாற்றலாம். தாழ்வாக ஓடும் முகில்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று பார்ப்பது நல்லது.

மலைநாட்டாருக்குக் காற்றின் திசையை விட மழையின் அளவே முக்கியம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளுக்கு வைத்திருக்கும் அளவுகள் தெளிவானவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 மில்லிமீற்றர் என்றால் ஆயத்தம், 150 மில்லிமீற்றர் என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டும். இதை அளக்க இயந்திரம் தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு பால்மா ரின்னைத் திறந்த வெளியில் வையுங்கள். பிள்ளையின் 15 சென்ரிமீற்றர் அடிமட்டம் நனையும் அளவுக்கு ஒரு நாளில் அதில் நீர் நிரம்பினால், அதுதான் அந்த 150 மில்லிமீற்றர். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென ஊறும் அல்லது கலங்கும் நீரூற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால், அளவைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

அறிவு யாருடைய மொழியில்?

இவ்வளவையும் தெரிந்துகொண்டால் போதுமா? போதாது. லயன் வீட்டில் இருப்பவருக்கு “வெளியேறுங்கள்” என்று சொல்லும்போது, எங்கே போவது என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையில் ஒரு துண்டு நிலம்கூடச் சொந்தமாக இல்லாதவருக்கு, பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டும் தெரிவு இருக்கவில்லை. பூமியின் சுழற்சி கண்டியில் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். சரிவின் எந்தப் பக்கத்தில் யார் வாழ்கிறார் என்பதைத் தீர்மானித்தது பூமி அல்ல.

மொழியும் அப்படித்தான். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் டித்வா நாட்களில் எச்சரிக்கைகளும் அறிவிப்புகளும் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. மணித்தியாலங்கள் உயிராக மாறும் வேளையில், தாமதமாக வரும் மொழிபெயர்ப்பு வராத மொழிபெயர்ப்புக்குச் சமம். வானிலை அறிக்கையில் மையம் எங்கே என்று சொல்வது மட்டும் போதாது, காற்று எந்த மலையில் மோதும், எந்தப் பிரதேசம் இன்றிரவு வெளியேற வேண்டும் என்பதையும் மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். இதைக் கேட்பது எங்கள் உரிமை.

அடுத்த கார்த்திகையில் மீண்டும் ஒரு தாழமுக்கம் தென்கிழக்குக் கடலில் உருவாகலாம். வானொலி அதைக் கிழக்குக் கரையின் செய்தியாகவே சொல்லலாம். அப்போது கண்டியில் இருப்பவர்கள் ஒரு தாளை எடுத்து, ஒரு புள்ளி வைத்து, கடிகாரத்துக்கு எதிராக ஒரு வட்டம் போட்டுப் பார்க்கட்டும். அந்த வட்டம் தங்கள் மலையை எந்தப் பக்கத்திலிருந்து தொடுகிறது என்பது தெரியும். பிறகு பால்மா ரின்னை முற்றத்தில் வைத்துவிட்டு, அயலவரையும் எழுப்பிச் சொல்லட்டும்.